மீனைக் காட்டும் கருவியும் தண்ணீரை வாசிக்கும் கண்ணும்



ஹெந்தளை, வத்தளை, மாபோலைப் பகுதிகளில் ஆண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தூண்டில் பற்றிய பேச்சு எழாமல் இருப்பது அரிது. ஒரு பக்கம் களனி கங்கை, ஊருக்குள்ளேயே கால்வாய், அதற்கப்பால் முத்துராஜவெல சதுப்பு நிலம். முன்பெல்லாம் பிள்ளை கேட்டது ஒரு கம்பு, சில பாகம் தங்கூசி, ஒரு முள், ஒரு மிதப்பு, இவ்வளவுதான். இரையை வீட்டுக் கொல்லையில் தோண்டி எடுத்துக் கொள்வான்.

இன்று அவன் கேட்பது வேறு. காபன் கம்பு வேண்டும், ரீல் வேண்டும், தண்ணீருக்குள் மீன் நிற்பதைக் கையடக்கத் தொலைபேசியின் திரையில் காட்டும் பந்து போன்ற கருவி வேண்டும். "உம்மா, வாப்பாக்கிட்ட நீங்க சொல்லுங்க" என்று உங்களிடம்தான் முதலில் வருவான். வாங்கிக் கொடுப்பதா, மறுப்பதா? "ஆகும், ஆகாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடிய விடயமல்ல இது. அந்தக் கருவி எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காது என்று தெரிந்தால் முடிவு எடுப்பது உங்களுக்கு இலகுவாகும்.

நம் வாசலில் ஓடும் தண்ணீர்

ஹெந்தளையைத் தொட்டுச் செல்லும் ஹமில்டன் கால்வாய் ஆங்கிலேயர் காலத்தது. 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்தார்கள். அன்றைய அரசாங்க அதிகாரி கெவின் ஹமில்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது. முத்துராஜவெலவில் தேங்கிய உப்புநீரை வடித்துவிடுவதே அதன் நோக்கம். களனி கங்கையில் தொடங்கி நீர்கொழும்பு வரை 14.5 கிலோமீற்றர் செல்லும் அந்தக் கால்வாய்க்கும் அதற்கு முந்திய ஒல்லாந்தர் கால்வாய்க்கும் நடுவே 3,000 ஹெக்டெயருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம் கிடக்கிறது. அதன் ஒரு பகுதி 1996 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

பாவா ஆதம் மலைத் தொடரில் பிறந்து வரும் களனி கங்கையின் நன்னீரும் கடலின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன. மழை பெருகும்போது நன்னீர் ஓங்கும். வரட்சியில் உப்பு மேலேறும். ஆகவே இங்கு மீனும் ஒரே மாதிரி இராது. நாம் விரால் என்றும் சிங்களச் சகோதரர்கள் லூலா என்றும் சொல்வது, திலாப்பியா, சுங்கான், பனையேறி, விலாங்கு ஆகியவை நன்னீர்ப் பக்கம். உப்புக் கலந்த பக்கத்தில் கொடுவா வரும். இன்று எந்த மீன் எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் குணம்தான் தீர்மானிக்கிறது. இந்தக் குணத்தைக் கண்டறிவதையே பெரியவர்கள் "தண்ணி பார்க்கிறது" என்றார்கள்.

கருவி எப்படிப் பார்க்கிறது?

மீன் காட்டும் கருவி உண்மையில் பார்ப்பதில்லை, கேட்கிறது. நம் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பும். அந்த ஒலி நிலத்திலோ மீனிலோ பட்டுத் திரும்பி வரும். தண்ணீரில் ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கருவி கணக்கிட்டுத் திரையில் கோடாகக் காட்டுகிறது. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையில் ஒலி நன்றாக மோதித் திரும்புவதால் மீன் புள்ளியாகவோ வில்லாகவோ தெரியும். ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948 இல் இதை மீன்பிடித் தொழிலுக்கு உதவும் கருவியாகக் கொண்டுவந்தார்கள். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு இது பெரும் உதவி என்பதில் சந்தேகமில்லை. வௌவாலுக்கும் ஓங்கிலுக்கும் இந்த வித்தையைப் பிறவியிலேயே கொடுத்து வைத்த அல்லாஹ் தூய்மையானவன்!

ஆனால் நம் கால்வாய் ஆழ்கடலல்ல. கருவியிலிருந்து ஒலி ஒரு கூம்பு போல விரிந்து கீழே செல்கிறது. கூம்பின் கோணம் 20 பாகை என்று வைத்துக் கொள்வோம். பத்து மீற்றர் ஆழத்தில் அது மூன்றரை மீற்றர் அகலமான இடத்தைப் பார்க்கும். இரண்டு மீற்றர் ஆழத்தில் பார்ப்பது 70 சென்ரிமீற்றர் மட்டுமே. ஏறக்குறைய ஒரு சஹன் அளவு. ஒரு மீற்றர் ஆழத்தில் அதிலும் பாதி. இவ்வளவு பணம் கொடுத்து ஒரு சஹன் அகலத் தண்ணீரைத்தான் பார்க்கிறோம்! அதுமட்டுமல்ல, ஆற்றுவாழைக்கு அடியிலும் பாசிக்குள்ளும் மறைந்து நிற்கும் விராலை அந்த ஒலி பிரித்துக் காட்டுவதில்லை. இலையும் தண்டும் சேற்றுக் குமிழியும் திரையில் மீன் போலவே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இன்று நல்ல நாள், இன்று கெட்ட நாள்" என்று சந்திரனை வைத்து மீன்பிடிக்கு நட்சத்திரப் புள்ளி போடும் செயலிகள் தொலைபேசிகளில் உண்டு. கடலின் வற்றும் பெருக்கும் சந்திரனோடு சேர்ந்தது. அது அல்லாஹ் வைத்த நியதி, கணக்குப் போட்டு அறியலாம். ஆனால் நாளின் அதிர்ஷ்டத்தைப் புள்ளியாக நம்புவது வேறு விடயம். சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அது செயலிக்குள் புகுந்து வந்தாலும் சகுனம் சகுனம்தான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

கண் எப்படிப் பார்க்கிறது?

தண்ணி பார்க்கத் தெரிந்தவர் கரைக்கு வந்தவுடன் தூண்டிலை வீசமாட்டார். சற்று நேரம் சும்மா நிற்பார். நீரோட்டம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், நிழல் எங்கே, கலங்கல் எங்கே முடிந்து தெளிவு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார். ஓடும் நீரும் தேங்கிய நீரும் சந்திக்கும் ஓரத்தில் இரை வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியும். மீனும் அங்கேதான் காத்திருக்கும்.

பாசிக்கு நடுவே "பொளக்" என்று ஒரு வளையம் எழுந்து அடங்கினால், விரால் மூச்செடுக்க வந்து போயிருக்கிறது என்று அறிவார். விராலும் சுங்கானும் பனையேறியும் வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன்கள். ஆகவேதான் மற்ற மீன் வாழ முடியாத சேற்று நீரிலும் அவை வாழ்கின்றன. ஆழம் குறைந்த ஓரத்தில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிந்தால் அவை ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள் என்று அறிவார். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இரவு முழுவதும் நீர்த் தாவரங்களும் மூச்சுவிட்டதால் தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கிறது என்று இன்றைய விஞ்ஞானம் சொல்லும். காரணம் தெரியாத காலத்திலேயே அந்தக் குறியைப் பெரியவர்கள் கண்டுவைத்திருந்தார்கள்.

அவர் கரையில் மெதுவாக நடப்பார், குந்தியிருப்பார். மீனின் உடலில் பக்கவாட்டில் ஓடும் கோடு அதிர்வை உணரும் உறுப்பு. தடதடவென்று ஓடிவரும் பிள்ளையை அது எட்ட இருக்கும்போதே அறிந்துவிடும். தண்ணீருக்கு மேலே உள்ளவற்றை மீன் ஒரு வட்டமான சாளரத்தின் வழியாகப் பார்ப்பது போலப் பார்க்கிறது. நிமிர்ந்து நிற்பவர் அதில் தெளிவாகத் தெரிவார். தாழ்ந்திருப்பவர் விளிம்பில் ஒடுங்கிப் போவார். ஆகவே தூண்டில்காரர் குந்தியிருப்பது சோம்பலல்ல, அறிவு.

இந்த அறிவு கடையில் கிடைப்பதில்லை. வாப்பாவோடும் மாமாவோடும் பக்கத்து வீட்டுப் பெரியவரோடும் கரையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தால்தான் கிடைக்கும். வானங்களிலும் பூமியிலும் சிந்திக்கும்படி திருமறை நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. திரையைப் பார்த்துக் கொண்டிருப்பவனுக்குத் தண்ணீரைப் பார்க்க நேரம் ஏது?

எதை விட்டுவிடுவது?

சகோதரிகளே, முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். கருவி மீன் எங்கே என்று சொல்லும். எந்த மீனை விட்டுவிட வேண்டும் என்று அது சொல்லாது.

விரால் குஞ்சு பொரித்த காலத்தில் தண்ணீரின் மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திரள் கொதிப்பது போல அசைவதைக் காணலாம். அத்தனையும் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தத் திரளுக்குள் தூண்டிலை இழுத்தால் பெற்ற மீன் பசியால் அல்ல, பிள்ளைப் பாசத்தால் பாய்ந்து கடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் காவலற்ற குஞ்சுகள் சிறிது நேரத்திலேயே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீன் ஆணத்துக்காக ஒரு குடும்பமே அழிகிறது. பறவைக் குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம், தாய்ப் பறவையைத் துடிக்கவிட வேண்டாம், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரஸூலுல்லாஹி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அந்த இரக்கம் தண்ணீருக்கு வெளியே மட்டும்தானா?

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைப் பாருங்கள். தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். குஞ்சு வந்த பிறகும் ஆபத்து என்றால் அவை ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்து கொள்ளும். அந்த நாட்களில் தாய் சரியாக இரை உண்பதில்லை. உம்மாவாக இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தண்ணீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்பது நபிமொழியின் கருத்து. பொதுச் சொத்தில் இருந்து எடுப்பவன் தனக்குப் பின்னால் வருபவனையும் நினைக்க வேண்டும். நீர்கொழும்புக் களப்பில் கத்தோலிக்கச் சகோதரர்கள் இறால் பிடிக்கும் கட்டுதெல் வலைக்கு இன்றும் ஒரு முறை இருக்கிறது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சங்கங்களாகக் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்கிறார்கள். வற்று நீர் எங்கே எப்படி இறங்கும் என்ற அறிவும், பங்கு போட்டு எடுக்கும் ஒழுங்கும் அங்கே ஒன்றாகவே கையளிக்கப்படுகின்றன.

கடலோர ஊராரின் பாடம்

அறிவு மட்டும் இருந்தால் போதுமா? ஸூரத்துல் அஃராஃபில் 163 ஆவது வசனத்திலிருந்து கூறப்படும் கடலோர ஊராரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை அவர்களுக்கு மீன்பிடி தடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து தலைகாட்டின. மற்ற நாட்களில் வரவில்லை. அது அல்லாஹ்வின் சோதனை. முதல் நாளே வலை விரித்தும் பள்ளம் தோண்டியும் வைத்து, மீன் சிக்கிய பின் மறுநாள் போய் எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் தெரிந்திருந்தது, தந்திரமும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான்: எங்கே நிறுத்த வேண்டும் என்பது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. மீன் நன்றாகக் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். அவை ஸுபஹும் மஃரிபும் ஆகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அழைப்புக் கேட்கும்போது மிதப்பு ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? கம்பைச் சுருட்டி வைத்துவிட்டு எழும்பத் தெரிந்த பிள்ளையிடம் எந்தக் கருவியும் இருக்கலாம். எழும்பத் தெரியாதவனுக்கு வெறும் மூங்கில் கம்பும் ஃபித்னாதான்.

புதியது எல்லாம் தீயதல்ல

பழையது எல்லாம் நல்லது என்று சொல்வதும் நீதியாகாது. விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் குத்திப் போடுவது பழைய வழக்கம். மருந்துக்காகத் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு வைத்தியர் கேட்டபோது அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூதாவூதில் அறிவிக்கப்பட்டுள்ளது. உயிருள்ளதைத் துடிக்க வைப்பதும் மார்க்கம் விரும்பாத செயல். இன்று றப்பரில் செய்த தவளை கடையில் கிடைக்கிறது. விரால் அதையும் பாய்ந்து கடிக்கும். இங்கே புதுப் பொருள் ஒரு ரஹ்மத். தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

தண்ணீரின் பளபளப்பை நீக்கிக் காட்டும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே. நெற்றியில் கைவைத்துப் பார்த்த பழைய பார்வைக்கு அது துணை. பார்ப்பது பிள்ளையின் கண்தான். மறுபக்கம் விலை மலிந்த தங்கூசி வலையைப் பாருங்கள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அறுந்து கிடந்தாலும் உக்காது. யாரும் எடுக்காத மீனையும் பறவையையும் சிக்கவைத்துக் கொண்டே இருக்கும். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டதற்குக் காரணம் அதுவே. நஞ்சும் வெடியும் கொண்டு மீன்பிடிப்பதையும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடுக்கிறது.

கருவியும் கண்ணும் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் முன்னோரே சான்று. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித் 1490 அளவில் எழுதி முடித்த 'அல்-ஃபவாயித்' என்ற நூலில் திசைகாட்டி பற்றியும் பேசுகிறார். கரை நெருங்குவதை உணர்த்தும் பறவைகளையும் கடற்பாம்பையும் பாசியையும் பற்றியும் பேசுகிறார். கையில் கருவி வந்ததற்காகக் கண்ணை மூடிக் கொள்ளாத தலைமுறை அது.

உயிர் முதலில்

மீனைக் காட்டும் திரை ஆபத்தைக் காட்டாது. இவற்றைப் பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

களனி கங்கையில் மணல் அகழ்ந்த இடங்களில் திடீர்ப் பள்ளங்கள் உண்டு. முழங்கால் தண்ணீர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போகும். மலைநாட்டில் பெய்த மழை ஹெந்தளையில் வெயில் அடிக்கும்போதும் வந்து சேரும். 2016 மே மாத வெள்ளத்தை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி, குப்பையும் தடியும் மிதந்து வரத் தொடங்கினால் கரையேறிவிட வேண்டும்.

முத்துராஜவெலவில் முதலை உண்டு. அந்தி சாய்ந்தபின் நீரோரத்தில் குந்தியிருப்பதோ மீனைத் தண்ணீரில் கழுவுவதோ கூடாது. காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். சேற்றில் நின்று வந்த சில நாட்களில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காபன் கம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே அதை உயர்த்துவது உயிராபத்து. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் கம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும்.

அடுக்களைக்கு வந்த பிறகு

மீன் அறுக்காமலே ஹலால். அது அல்லாஹ் நமக்குத் தந்த சலுகை. ஆனால் திருமறை ஹலாலோடு 'தையிப்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது; நல்லதாக, தூயதாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவோ மலக்கழிவோ கலக்கும் வாய்க்கால் ஓரத்தில் பிடித்த மீனை வீட்டுக்கு எடுக்காதீர்கள். பட்டப் பகலில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து திணறினால் அந்தத் தண்ணீரில் ஏதோ கோளாறு; அன்று மீன் இலகுவாகக் கிடைக்கிறதே என்று மகிழக் கூடாது.

சுங்கானின் பக்க முள் நஞ்சுள்ளது. துப்புரவு செய்யும்போது குத்திவிட்டால், கை தாங்கக் கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை அரைமணி நேரமாவது வைத்திருங்கள், நோவு தணியும். முள் முறிந்து உள்ளே இருந்தாலோ வீக்கம் ஏறினாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள்.

உம்மாமார் செய்ய வேண்டியது

பிள்ளை கருவி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பணத்தை எண்ணிக் கொடுக்கவும் வேண்டாம். முதலில் ஒரு கம்பும் மிதப்பும் கொடுத்து, தண்ணி பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரோடு சில மாதங்கள் அனுப்புங்கள். நீந்தத் தெரியாவிட்டால் முதலில் நீந்தக் கற்கட்டும். திரும்பி வந்ததும் "எத்தனை மீன்?" என்று கேட்பதோடு "எதை விட்டுவிட்டாய்?" என்றும் கேளுங்கள். குஞ்சுத் திரளைக் கண்டு தூண்டிலை எடுத்துக் கொண்டேன் என்று ஒரு நாள் சொல்வான். அன்று மீன் இல்லாமல் வந்தாலும் அவனைப் பாராட்டுங்கள். பொழுதுபோக்குக்காக மட்டும் உயிரைத் துடிக்க வைக்காமல், சாப்பிடும் அளவுக்கு எடுத்து, மிஞ்சியதை அயலவருக்குக் கொடுக்கப் பழக்குங்கள். அயலவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

அதன் பிறகும் அவனுக்குக் கருவி தேவைப்பட்டால், வீட்டுச் செலவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், வாங்கிக் கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் நம் வீடுகளில் வயதான கைகள் இன்னும் இருக்கின்றன. கால்வாயில் எந்த மாதத்தில் உப்பு ஏறும், எந்த மரத்தடியில் விரால் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்பார் இல்லாததால் அவர்கள் சொல்வதில்லை. கடையில் உள்ள கருவியை அடுத்த வருடமும் வாங்கலாம். அந்தப் பெரியவர் அடுத்த வருடம் இருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிந்தவன்.

நம் பிள்ளைகளுக்கு அவன் பயனுள்ள அறிவையும், எடுக்க வேண்டியதை எடுத்து விட வேண்டியதை விடும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.